விண்வெளிக் காட்சிப் படிமம் உருவாக்கல்

விண்வெளிக் காட்சிப் படிமம் உருவாக்கல் என்பது விண்மீன்கள், ஒண்முகில்கள், கோள்கள், துணைக்கோள்கள் போன்ற வான்பொருட்களைக் கொண்ட காட்சியைப் படிமத் தொகுப்பு மென்பொருளின் உதவியுடன் கணினியில் அமைக்கும் கலையும் நுட்பமும் ஆகும். அறிவியல் நூல்கள், கோளரங்கக் காட்சிகள், திரைப்படங்கள், கணினி விளையாட்டுகள், பள்ளிக் கண்காட்சிகள் ஆகியவற்றில் இத்தகைய படிமங்கள் பயன்படுகின்றன. கிம்ப், போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் உள்ள சில அடிப்படைக் கருவிகளைக் கொண்டே ஒரு மாணவர் இவற்றை உருவாக்கலாம்.

விண்வெளிக் காட்சி நம்பும்படி அமைவது கருவிகளின் எண்ணிக்கையால் அன்று. ஒளி எங்கிருந்து வருகிறது, எத்தனை விண்மீன்கள் எவ்வளவு ஒளியுடன் தெரியும், எந்த நிறம் எதனால் தோன்றுகிறது என்னும் வினாக்களுக்குப் படம் சரியான விடை தருவதால் ஆகும். அவ்வாறு நன்கு அமைந்த படம் மெய்யான ஒளிப்படமாக எளிதில் எடுத்துக்கொள்ளப்படும். எனவே எது பதிவு செய்யப்பட்டது, எது வரையப்பட்டது என்பதைத் தெளிவாகக் குறிப்பதும் இக்கலையின் ஒரு பகுதியே.

வகைகள்

விண்வெளிப் படிமங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. ஒளிப்படம்: ஒரு படக்கருவி ஒரே நேரத்தில் பதிவு செய்தது. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட, ‘நீலக் கோலிக்குண்டு’ எனப் பொருள்படும் ‘புளூ மார்பிள்’ என்னும் புவியின் படம் இவ்வகையானது.
2. தொகுப்புப் படிமம்: பல பதிவுகளை இணைத்தும், கண்ணுக்குத் தெரியாத கதிர்களுக்கு நிறம் கொடுத்தும் அமைத்தது. நாசா 2002 ஆம் ஆண்டு அதே பெயரில் வெளியிட்ட புவிப்படம், டெர்ரா செயற்கைக்கோளின் பல மாதத் தரவுகளை ஒட்டி உருவாக்கப்பட்டது. புவியின் மேற்பரப்பு அப்படத்தில் தெரிவது போல ஒரே கணத்தில் முழுவதும் பதிவானதில்லை.
3. கற்பனைப் படிமம்: அறியப்பட்ட தகவல்களின் அடிப்படையிலோ முழுக் கற்பனையாகவோ வரையப்பட்டது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் மேற்பரப்பைக் காட்டும் படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இக்கட்டுரை பெரும்பாலும் மூன்றாம் வகையை உருவாக்கும் முறையை விளக்குகிறது. ஆயினும் முதலிரண்டு வகைகளையும் உற்று நோக்காமல் மூன்றாவதைச் சரியாகச் செய்ய இயலாது.

மென்பொருள்கள்

கிம்ப் ஒரு கட்டற்ற மென்பொருள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த இசுபென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிசு ஆகியோர் 1995 இல் இதை எழுதத் தொடங்கினர். லினக்சு, விண்டோசு, மாக் ஆகிய இயங்குதளங்களில் இது இயங்கும். போட்டோஷாப், தாமசு நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தோர் உருவாக்கி, அடோபி நிறுவனத்தால் 1990 இல் வெளியிடப்பட்ட வணிக மென்பொருள். கீழுள்ள படிமுறைகள் கிம்ப் கருவிப் பெயர்களைக் கொண்டு விளக்கப்பட்டுள்ளன. ஒத்த கருவிகள் பிற மென்பொருள்களிலும் உண்டு.

அடிப்படைக் கருத்துகள்

அடுக்குகள்

லேயர் எனப்படும் அடுக்கு, ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கப்பட்ட கண்ணாடித் தாள் போன்றது. தொலைவிலுள்ள பொருள் அடியிலும் அருகிலுள்ள பொருள் மேலும் வரவேண்டும். கறுப்புப் பின்னணி, மங்கிய விண்மீன்கள், ஒண்முகில், தூசி, பொலிவான விண்மீன்கள், கோள், கோளின் நிழல் என ஒவ்வொன்றையும் தனி அடுக்கில் வைத்தால் பின்னர் திருத்துவது எளிது.

கலப்பு முறைகள்

மேலடுக்கு கீழடுக்குடன் எவ்வாறு கலக்கிறது என்பதைக் கலப்பு முறை தீர்மானிக்கிறது. விண்வெளிக் காட்சிக்கு இரண்டு முறைகள் இன்றியமையாதவை. கறுப்பை 0 எனவும் வெள்ளையை 1 எனவும் கொள்வோம்.

‘மல்டிப்ளை’ முறையில் இரு மதிப்புகளும் பெருக்கப்படுகின்றன. 0.5 மதிப்புள்ள இரு அடுக்குகள் சேர்ந்தால் 0.25 கிடைக்கும்; படம் இருளும். நிழல், தூசி முதலிய ஒளியைத் தடுக்கும் பொருட்களுக்கு இது ஏற்றது.

‘ஸ்கிரீன்’ முறையில் இரு மதிப்புகளும் தலைகீழாக்கிப் பெருக்கப்பட்டு, விடை மீண்டும் தலைகீழாக்கப்படுகிறது. அதே இரு அடுக்குகள் இப்போது 0.75 தரும்; படம் பொலிவடையும். விண்மீன், ஒளிரும் வளிமம் முதலிய ஒளியை வெளியிடும் பொருட்களுக்கு இது ஏற்றது. கறுப்பு நிறம் இம்முறையில் எந்த மாற்றமும் செய்யாது என்பதால், கறுப்புப் பின்னணியில் வரைந்த எதையும் வெட்டி எடுக்காமலேயே காட்சியில் சேர்க்கலாம்.

நிற ஆழம்

8 பிட்டுப் படிமத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் மட்டுமே உண்டு. விண்வெளிக் காட்சியின் பெரும்பகுதி இருள் என்பதால் அவற்றுள் சில படிகளே பயன்படுகின்றன. 2000 படப்புள்ளி அகலத்தில் ஒளி 0 இலிருந்து 20 வரை மெல்ல உயர்வதாகக் கொண்டால், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 100 படப்புள்ளி அகலமுள்ள பட்டையாகக் கண்ணில் படும். இதைத் தவிர்க்க 16 பிட்டு ஆழத்தில் வேலை செய்ய வேண்டும். கிம்ப் 2.10 பதிப்பு (2018) முதல் இவ்வசதி உள்ளது. இறுதியில் மிகச் சிறிதளவு இரைச்சலைச் சேர்ப்பதும் பட்டைகளை மறைக்கும்.

விண்மீன் பின்னணி

எண்ணிக்கையும் ஒளியும்

தொடக்கநிலையினர் செய்யும் முதற்பிழை, எல்லா விண்மீன்களையும் ஒரே அளவில் தெளிப்பது. மெய்யான வானில் பொலிவான விண்மீன்கள் சிலவே, மங்கியவை மிகப்பல. விண்மீன்களின் ஒளி, தோற்ற ஒளிப்பொலிவெண் என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. இவ்வெண் ஒன்று கூடினால் ஒளி ஏறத்தாழ 2.5 மடங்கு குறையும். ஐந்து கூடினால் சரியாக 100 மடங்கு குறையும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள், ஒவ்வொரு படி இறங்கும்போதும் விண்மீன்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்காகிறது.

இதை அப்படியே விதியாகக் கொள்ளலாம். ஒரு காட்சியில் மிகப் பொலிவான விண்மீன்கள் 3 எனில், அடுத்த நிலையில் 9, பின்னர் 27, 81, 243, 729 என அமைக்க வேண்டும்.

ஒளியை அதே கணக்கில் குறைத்தால் 255 என்னும் உச்ச மதிப்பு 102, 41, 16, 7 என விரைவில் இருளில் கரைந்துவிடும். திரை காட்டக்கூடிய ஒளி வேறுபாடு, வானில் உள்ளதைவிட மிகச் சிறியது. எனவே ஒளிப்படங்களில் பொலிவான விண்மீன் பெரிய வட்டமாகப் பரவித் தெரிகிறது. மங்கியது ஒரு புள்ளியாக நிற்கிறது. உண்மையில் எல்லா விண்மீன்களும் நமக்குப் புள்ளிகளே. அளவு வேறுபாடு ஒளி வேறுபாட்டிற்குப் பதிலாக வருகிறது என்பதை நினைவில் கொண்டால் அளவுகளைச் சரியாக வழங்க முடியும்.

படிமுறை

1. 2000 × 2000 படப்புள்ளிகள் கொண்ட புதிய படிமத்தைத் திறந்து கறுப்பு நிறத்தால் நிரப்பவும்.
2. ‘ஆர்ஜிபி நாய்ஸ்’ வடிகட்டியால் நிறமற்ற இரைச்சலைச் சேர்க்கவும்.
3. ‘காசியன் பிளர்’ வடிகட்டியை 1 படப்புள்ளி அளவில் இட்டு, இரைச்சலைச் சற்று மங்கலாக்கவும்.
4. ‘லெவல்ஸ்’ கருவியில் கறுப்பு முனையை வலப்புறம் நகர்த்தவும். இரைச்சலின் பெரும்பகுதி மறைந்து, உச்சிகள் மட்டும் விண்மீன்களாக எஞ்சும். இதற்கு ‘திரெஷோல்டு’ கருவியைப் பயன்படுத்தினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே வெண்மை பெற்றுவிடும்; ‘லெவல்ஸ்’ ஒளி வேறுபாட்டைக் காக்கும்.
5. இதே முறையில் இரண்டாம் அடுக்கை உருவாக்கி, இருமடங்கு பெரிதாக்கி, மேலும் கடுமையாக வடிகட்டி, ‘ஸ்கிரீன்’ முறையில் சேர்க்கவும்.
6. மிகப் பொலிவான சில விண்மீன்களை மென்மையான விளிம்புள்ள தூரிகையால் கையால் இடவும்.

கையால் இடும்போது மனிதக் கை இயல்பாகவே சீரான இடைவெளி விடும். தற்செயலான பரவல் அவ்வாறு இருப்பதில்லை. சில இடங்களில் கூட்டமும் சில இடங்களில் வெறுமையும் அதில் தோன்றும். பால் வழியை நோக்கிய காட்சியாயின், ‘சாலிட் நாய்ஸ்’ வடிகட்டியால் அமைத்த முகில் வடிவத்தை மறைப்பானாக இட்டு விண்மீன் அடர்த்தியை இடத்திற்கு இடம் மாற்றலாம்.

நிறமும் கதிர்க்கோடுகளும்

விண்மீனின் நிறம் அதன் மேற்பரப்பு வெப்பநிலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 3500 கெல்வின் வெப்பமுள்ள திருவாதிரை செம்மஞ்சளாகவும், 5800 கெல்வின் உள்ள சூரியன் விண்வெளியிலிருந்து வெண்மையாகவும், ஏறத்தாழ 12,000 கெல்வின் உள்ள ரைசல் நீலவெண்மையாகவும் தோன்றும். பச்சை விண்மீன் கண்ணுக்குத் தெரிவதில்லை; பச்சையில் உச்ச ஒளி தரும் விண்மீன் பிற நிறங்களையும் சேர்த்தே தருவதால் வெண்மையாகத் தோன்றும். எனவே நிறங்களை மிக மெல்லிய அளவில் மட்டுமே தீட்ட வேண்டும்.

பொலிவான விண்மீன்களைச் சுற்றித் தெரியும் கூரிய கதிர்க்கோடுகள் விண்மீனுக்கு உரியவை அல்ல. தொலைநோக்கியின் உள் அமைப்பில் ஒளி விளிம்பு விலகல் அடைவதால் உண்டாகின்றன. ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் நான்கு கோடுகளும், அறுகோண ஆடிகளைக் கொண்ட ஜேம்சு வெப் தொலைநோக்கியின் படங்களில் ஆறு பெரிய கோடுகளும் இரண்டு சிறிய கோடுகளும் காணப்படும். ஒரே படத்தில் எல்லா விண்மீன்களின் கோடுகளும் ஒரே எண்ணிக்கையிலும் ஒரே சாய்விலும் இருக்க வேண்டும். ஒன்றை வரைந்து, சுழற்றாமல் படியெடுப்பதே சரியான வழி.

ஒண்முகில்

நெபுலா எனப்படும் ஒண்முகில், வளிமமும் தூசியும் கலந்த பரந்த திரள் ஆகும். இதன் சிக்கலான வடிவத்தைப் பெற ‘சாலிட் நாய்ஸ்’ அல்லது ‘பிளாஸ்மா’ வடிகட்டி பயன்படும். ஒரே அளவிலான முகில் அடுக்கு பஞ்சுப் பொதியைப் போலத் தோன்றும். பெரிய வடிவம் கொண்ட ஓர் அடுக்கு, அதில் பாதி அளவு வடிவம் கொண்ட ஓர் அடுக்கு, அதிலும் பாதி என மூன்று நான்கு அடுக்குகளைக் கலந்தால் இயற்கையான தோற்றம் கிடைக்கும்.

ஒண்முகிலின் நிறத்திற்கும் காரணம் உண்டு. அருகிலுள்ள வெப்பமான விண்மீன்களின் புற ஊதாக் கதிர்களால் அயனியாக்கப்பட்ட ஐதரசன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் செந்நிற ஒளியையும், ஆக்சிசன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சை ஒளியையும் வெளியிடுகின்றன. ஆக்சிசனை இந்நிலைக்குக் கொண்டுவரக் கூடுதல் ஆற்றல் தேவை என்பதால் நீலப்பச்சை பெரும்பாலும் வெப்ப விண்மீனுக்கு அருகிலும், செந்நிறம் வெளிப்புறத்திலும் தோன்றும். தானே ஒளிராமல் விண்மீன் ஒளியைச் சிதறடிக்கும் தூசி நீலமாகத் தெரியும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சூழ்ந்த நீலப் படலம் இத்தகையது.

ஒளிரும் வளிமத்தை ‘ஸ்கிரீன்’ முறையிலும், கருந்தூசியை ‘மல்டிப்ளை’ முறையிலும் சேர்க்க வேண்டும். தூசி அடுக்கு, மங்கிய விண்மீன் அடுக்கிற்கு மேலே இருத்தல் வேண்டும். தூசிக்குப் பின்னுள்ள விண்மீன்கள் மங்கி, சற்றுச் சிவந்து தோன்றுவதே இயல்பு. அடர்ந்த தூசியின் ஊடே விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தால் அது புகைக்கறை போலவே தோன்றும். தூசித் தூண்களின் விளிம்பில், வெப்ப விண்மீனை நோக்கிய பக்கம் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு தீட்டலாம்.

கோள்கள்

கோள் ஒன்றை உருவாக்க, முதலில் அகலம் உயரத்தைப்போல இருமடங்காக உள்ள மேற்பரப்புப் படம் தேவை. அதனை ‘மேப் ஆப்ஜெக்ட்’ வடிகட்டியால் கோளத்தின் மேல் சுற்றலாம். வியாழன், சனி போன்ற விரைந்து சுழலும் வளிமக் கோள்கள் முழுக் கோளங்கள் அல்ல. வியாழனின் துருவ விட்டம் அதன் நடுவரை விட்டத்தைவிட ஏறத்தாழ 6 விழுக்காடும், சனியினது ஏறத்தாழ 10 விழுக்காடும் குறைவு. இவ்வளவு தட்டையாக்கினால் கோளின் தோற்றம் உடனே மாறுபடுவதைக் காணலாம்.

ஒளியும் நிழலும்

கோளிற்கு ஒளி தருவது பெரும்பாலும் ஒரே விண்மீன். ஆகவே காட்சியிலுள்ள எல்லாக் கோள்களும் துணைக்கோள்களும் ஒரே பக்கத்தில் ஒளிர வேண்டும். கோளின் மேல் புதிய அடுக்கு ஒன்றில் கறுப்பு வட்டம் வரைந்து, விளிம்பை மங்கலாக்கி, ஒளிக்கு எதிர்ப்புறம் நகர்த்தி, ‘மல்டிப்ளை’ முறையில் வைத்தால் இரவுப்பகுதி அமையும். பகலையும் இரவையும் பிரிக்கும் எல்லை, வளிமண்டலம் உள்ள கோளில் மென்மையாகவும், நிலவு போன்ற வளியற்ற பொருளில் கூர்மையாகவும் இருக்கும். அவ்வெல்லைக்கு அருகில்தான் மலைகளும் கிண்ணக்குழிகளும் நீண்ட நிழல் தரும். முழு ஒளி விழும் நடுப்பகுதியில் நிழல்கள் குறுகும்.

வளிமண்டல ஒளிவிளிம்பு பகற்பக்கத்தில் மட்டும் தெரிய வேண்டும். கோளைச் சுற்றி முழுவட்டமாக நீல ஒளி இடுவது பரவலாகக் காணப்படும் பிழை.

வளையங்கள்

நீண்ட பட்டையில் வெவ்வேறு அகலமுள்ள கோடுகளை வரைந்து, ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ வடிகட்டியால் வட்டமாக வளைத்து, உயரத்தைக் குறைத்தால் சாய்ந்த வளையம் கிடைக்கும். வளையத்தின் முன்பாதியைக் கோளுக்கு மேலடுக்கிலும் பின்பாதியைக் கீழடுக்கிலும் வைக்க வேண்டும். வளையத்தின் நிழல் கோளின் மீதும், கோளின் நிழல் வளையத்தின் மீதும் விழ வேண்டும்.

எல்லா வளையங்களும் சனியின் வளையங்களைப் போல் பொலிவானவை அல்ல. யுரேனசின் வளையங்கள் மிகக் கரியவை. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, அவ்விண்மீனின் ஒளி முன்னும் பின்னும் விட்டுவிட்டு மங்கியதைக் கொண்டே அவை அறியப்பட்டன. தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்திலிருந்தும் அந்நிகழ்வு நோக்கப்பட்டது. அக்காலத்தில் வரையப்பட்ட யுரேனசு வளையப் படங்கள், வளையத்தைக் கண்ணால் கண்டு வரைந்தவை அல்ல. ஓர் ஒளிக்கோட்டின் ஏற்ற இறக்கங்களிலிருந்து கணித்து வரைந்தவை.

விண்மீன்கள் தெரியாத வானம்

சூரிய ஒளி விழும் கோளையும் மங்கிய விண்மீன்களையும் ஒரே ஒளியூட்டத்தில் பதிவு செய்வது கடினம். கோளுக்கு ஏற்ற குறுகிய நேரத்தில் விண்மீன்கள் பதிவதில்லை. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 இலிருந்து எடுக்கப்பட்ட ‘புவி உதயம்’ படத்திலும், 2023 இல் சந்திரயான்-3 நிலவிலிருந்து அனுப்பிய படங்களிலும் வானம் வெறும் கறுப்பாகவே உள்ளது. ஒளிப்படத் தன்மை வேண்டுமெனில், பொலிவான கோளுள்ள காட்சியில் விண்மீன் அடுக்கை மிகவும் மங்கலாக்கவோ நீக்கவோ வேண்டும். விண்மீன்கள் இல்லாததைக் காரணம் காட்டி மெய்யான படங்களைப் போலி என்போர், பெரும்பாலும் வரையப்பட்ட படங்களைக் கொண்டே மெய்யானவற்றை அளக்கின்றனர்.

அளவும் தொலைவும்

புவியின் விட்டம் 12,756 கி.மீ.; நிலவின் விட்டம் ஏறத்தாழ 3,475 கி.மீ.; இரண்டிற்கும் இடையிலான சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. புவியை 100 படப்புள்ளி விட்டத்தில் வரைந்தால் நிலவு 27 படப்புள்ளி அளவில், ஏறத்தாழ 3,000 படப்புள்ளி தொலைவில் இருக்க வேண்டும். பாடநூல் படங்களில் இரண்டும் அருகருகே இருப்பது இடமின்மையால் ஆகும். அத்தகைய படங்களில் ‘அளவுத்திட்டப்படி அன்று’ எனக் குறிப்பது மரபு. இருப்பினும் நிலவுக்கு மிக அருகிலிருந்து நோக்கும் கோணத்தைத் தேர்ந்தால் நிலவு பெரிதாகவும் புவி சிறிதாகவும் தோன்றுவது சரியே. எங்கிருந்து நோக்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் அளவுகள் தாமே அமையும்.

நிலக்காட்சியுடன் கூடிய வானம்

மலை, மரம், வீடு முதலியவற்றை முன்னணியாகக் கொண்டு, பின்னணியில் விண்வெளியை அமைப்பது மற்றொரு வகை. இதில் வானம் அந்த இடத்திற்கு உரியதாக இருக்க வேண்டும். நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டத்தில் உள்ள ஸ்ரீமதுரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வூர் ஏறத்தாழ வடக்கு 11½ பாகை அகலாங்கில் உள்ளது. இந்த ஓர் எண்ணிலிருந்து வானத்தின் அமைப்பைப் பெருமளவு கணிக்கலாம்.

* துருவ விண்மீன், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 11½ பாகை உயரத்தில் மட்டுமே நிற்கும். கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதைவிடச் சற்றே உயரம். வடக்கே குன்று ஒன்று உயர்ந்திருந்தால் அது மறைந்துவிடும். ஐரோப்பியப் படங்களைப் பார்த்து, தேயிலைச் சரிவின் மேல் நடுவானத்தை மையமாகக் கொண்ட விண்மீன் சுழல்வட்டங்களை ஒட்டினால் அது நீலகிரியின் வானம் ஆகாது.
* தென்சிலுவை தெற்கே ஏறத்தாழ 18 பாகை வரையும், அகத்தியர் விண்மீன் எனப்படும் கனோபசு ஏறத்தாழ 26 பாகை வரையும் உயரும்.
* ஓரியன் குழு கிழக்கே உதிக்கும்போது படுத்த நிலையில் எழுந்து, உச்சிக்கு அருகே கடந்து செல்லும்.
* மாலைப் பிறை, குறிப்பாக மாசி, பங்குனி மாதங்களில், ஏறத்தாழப் படகு போல் கிடக்கும். அதன் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியன் மறைந்த திசையை நோக்கும். பிறையின் கொம்புகளுக்கு இடையில் விண்மீன் வரைவது தவறு. அங்கு நிலவின் இருண்ட பகுதி உள்ளது.
* பால் வழியின் மையப்பகுதி ஏறத்தாழ 49 பாகை வரை உயரும். மாலை வேளையில் அது நன்கு தெரியும் மாதங்கள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அமைவதால், கூடலூர்ப் பகுதியின் தெளிந்த வானில் அதைக் காண மாசி முதல் சித்திரை வரையிலான பின்னிரவே ஏற்றது.

முன்னணியின் ஒளியும் வானத்தோடு பொருந்த வேண்டும். பால் வழி தெளிவாகத் தெரியும் இரவு நிலவற்ற இரவு. அப்போது மரங்களும் சரிவுகளும் கரிய உருவரைகளாகவே தெரியும். தேயிலைச் செடிகள் பச்சையாக ஒளிர வேண்டுமெனில் நிலவொளி வேண்டும். நிலவொளி வந்தால் மங்கிய விண்மீன்கள் மறையும். தொலைவிலுள்ள மலைகளை, இடையிலுள்ள மூடுபனியின் காரணமாக, அருகிலுள்ளவற்றைவிட வெளிறிய அடுக்குகளாக அமைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியும் நிறமும்

ஓர் இடத்தின் அகலாங்கு படத்தை மட்டுமன்றி, வானை நோக்கும் கருவியையும் வடிவமைக்கும். இதற்குச் சிறந்த சான்றும் நீலகிரியிலேயே உள்ளது. உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரையில் உள்ள உதகை கதிரலைத் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை வடிவினது. கோவிந்த் சுவரூப் வழிகாட்டலில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தால் அமைக்கப்பட்டு 1970 இல் நிறைவுற்றது. அவ்விடத்தின் அகலாங்கிற்கு இணையாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காக நிறுவப்பட்டதால், இதன் நீண்ட அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக உள்ளது. எனவே ஒரே அச்சில் சுழற்றுவதன் மூலமே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகத் தொடர முடிகிறது.

இத்தொலைநோக்கி 326.5 மெகாஎர்ட்சு அதிர்வெண்ணில், அதாவது ஏறத்தாழ 92 செ.மீ. அலைநீளத்தில் இயங்குகிறது. அக்கதிர்களுக்குக் கண் அறியும் நிறம் ஏதுமில்லை. தொடக்கக் காலத்தில் நிலவு ஒரு கதிரலை மூலத்தை மறைக்கும் போதும் விடுவிக்கும் போதும் அதன் செறிவு மாறுவதைப் பதிந்து, மூலத்தின் இடமும் வடிவமும் கணிக்கப்பட்டன. கதிரலைத் தரவைப் படமாக்கும்போது செறிவு மிகுந்த இடத்திற்கு ஒரு நிறமும் குறைந்த இடத்திற்கு வேறு நிறமும் ஆய்வாளரால் வழங்கப்படுகின்றன. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிடப்பட்ட எம்87 விண்மீன் பேரடையின் கருந்துளைப் படத்தின் செம்மஞ்சள் நிறமும் இவ்வாறு தெரிவு செய்யப்பட்டதே.

1995 இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஐதரசனின் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிசனின் ஒளிக்கு நீலமும் வழங்கப்பட்டன. ஐதரசனின் ஒளி உண்மையில் சிவப்பு. கந்தகமும் ஐதரசனும் இரண்டுமே சிவப்பாக இருப்பதால், அவற்றைப் பிரித்துக் காட்டவே இந்த ஏற்பாடு. இத்தகைய நிறம் ஏமாற்று அன்று. நிலப்படத்தில் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டுவது போன்ற ஒரு குறியீடு. ஆனால் குறியீட்டின் விளக்கம் படத்தோடு வர வேண்டும்.

மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். வான்காணகங்கள் பொதுவாக வெளியிடும் ‘பிட்ஸ்’ வடிவத் தரவுக் கோப்புகளைக் கிம்ப் மென்பொருளில் திறக்க முடியும். வெவ்வேறு வடிகட்டிகளில் எடுத்த மூன்று சாம்பல்நிறப் படிமங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறத்தடங்களில் இட்டால் வண்ணப் படிமம் கிடைக்கும்.

உண்மையும் புனைவும்

விளக்கத்தை இழந்த படம் தவறான செய்தியாக மாறுவதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உள்ளன. ‘தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா’ என்னும் பெயரில், நாடு முழுவதும் பல வண்ணங்களில் ஒளிரும் படம் பல ஆண்டுகளாகப் பகிரப்படுகிறது. அது ஒரே இரவின் ஒளிப்படம் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் வானிலைச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2003 இல் உருவாக்கப்பட்ட தொகுப்பு. 1992 க்கு முன்பே தெரிந்த நகர விளக்குகளுக்கு வெண்மையும், 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் புதிதாகத் தெரிந்தவற்றுக்கு முறையே நீலம், பச்சை, சிவப்பு ஆகிய நிறங்களும் அதில் தரப்பட்டன. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்ட எழுந்த குறியீடு, பண்டிகை விளக்காகப் படிக்கப்பட்டது. 2012 தீபாவளியையொட்டி நாசா வெளியிட்ட மெய்யான செயற்கைக்கோள் படத்தில், பிற இரவுகளிலிருந்து பிரித்தறியும்படியான வேறுபாடு ஏதும் காணப்படவில்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கி நிலவில் இறங்கிய பின்னர், பிரக்யான் உலாவியின் சக்கரம் தேசியச் சின்னத்தையும் இஸ்ரோவின் சின்னத்தையும் நிலவுமண்ணில் மிகத் தெளிவாகப் பதித்தது போன்ற படம் பரவியது. உலாவியின் பின்சக்கரங்களில் அச்சின்னங்கள் செதுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அப்படம் மென்பொருளில் வரையப்பட்ட கலைப்படைப்பு. இஸ்ரோ வெளியிட்ட ஒளிப்படம் அன்று. வரைந்த படம் கண்ணைக் கவர்ந்த அளவிற்கு, உலாவியின் மெய்யான சக்கரத் தடங்களைக் காட்டிய எளிய படங்கள் கவனம் பெறவில்லை.

எழுத்துக் கட்டளையைக் கொண்டு படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிய பின், இத்தகைய படங்களைப் பிரித்தறிவது மேலும் கடினமாகியுள்ளது. எனவே படிமத்தை உருவாக்குவோர் பின்வரும் நடைமுறைகளைக் கைக்கொள்வது நலம்.

* ‘கற்பனைப் படம்’ அல்லது ‘தொகுப்புப் படம்’ என்னும் குறிப்பைப் படத்தின் உள்ளேயே ஒரு மூலையில் எழுதுதல். கோப்பின் பெயரிலோ பக்க விளக்கத்திலோ மட்டும் எழுதினால் பகிரும்போது அது தொலைந்துவிடும்.
* கோப்பின் மீதரவிலும் அதே குறிப்பைச் சேர்த்தல்.
* அடுக்குகளுடன் கூடிய மூலக் கோப்பைச் சேமித்து வைத்தல். கிம்ப் மென்பொருளில் இது எக்ஸ்சிஎஃப் வடிவில் அமையும்.
* பயன்படுத்திய மெய்யான படிமங்களின் உரிமையாளரையும் உரிமநிலையையும் குறிப்பிடுதல். நாசா உருவாக்கிய படங்கள் பொதுவாகப் பதிப்புரிமைக்கு உட்படாதவை. பிற நிறுவனங்களின் விதிகள் வேறுபடும்.
* வான்காணகம் அல்லது விண்வெளி நிறுவனத்தின் சின்னத்தைக் கற்பனைப் படத்தில் இடாதிருத்தல்.

சேமிப்பு

இறுதிப் படிமத்தைப் பிஎன்ஜி வடிவில் சேமிப்பது ஏற்றது. ஜேபெக் வடிவின் சுருக்கமுறை, கறுப்புப் பின்னணியிலுள்ள சிறு விண்மீன்களைச் சுற்றிக் கட்டம்கட்டமான கறைகளை உண்டாக்கும். ஜேபெக் தேவையெனில் தர அளவை உயர்த்தி வைக்க வேண்டும்.

பொதுவான பிழைகள்

* எல்லா விண்மீன்களும் ஒரே அளவிலும் ஒளியிலும் இருத்தல்
* கதிர்க்கோடுகள் வெவ்வேறு சாய்வில் இருத்தல்
* கோளும் துணைக்கோளும் வெவ்வேறு பக்கங்களில் ஒளிர்தல்
* கோளின் இரவுப்பக்கத்திலும் வளிமண்டல ஒளிவிளிம்பு தெரிதல்
* கோளின் இருண்ட பகுதியின் ஊடே விண்மீன்கள் தெரிதல்
* வளையத்திற்கு நிழல் இல்லாதிருத்தல்
* நிலக்காட்சியின் அகலாங்கிற்குப் பொருந்தாத வானம்

இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே வினாவால் கண்டறியலாம்: இந்த ஒளி எங்கிருந்து புறப்பட்டு, எதில் பட்டு, எவ்வாறு கண்ணை அடைந்தது? படத்தின் ஒவ்வொரு அடுக்கிற்கும் இவ்வினாவிற்கு விடை இருப்பின் காட்சி நிறைவாக அமையும்.

இவற்றையும் பார்க்க

* கிம்ப்
* தோற்ற ஒளிப்பொலிவெண்
* ஒண்முகில்
* உதகை கதிரலைத் தொலைநோக்கி
* காவலூர் வான்காணகம்
* சந்திரயான்-3